திறந்த மூல மென்பொருளில் புகுவதற்கு யாருடைய உத்தரவு வேண்டும்?



மென்பொருள் என்றாலே நம் மக்களுக்குள் ஒருவித பயம் இருந்து வருகிறது. அது மகா பண்டிதர்களுடைய காரியமென்றும், பெரிய காலேஜில் படித்துப் பட்டம் பெற்று இங்கிலீஷில் தாராளமாய்ப் பேசுகிறவர்களுக்குத்தான் அதில் கை வைக்க யோக்கியதை உண்டென்றும், மற்றவர்கள் அவர்கள் செய்து கொடுத்ததை உபயோகித்துக்கொண்டு வாய்மூடிக் கிடக்க வேண்டியதுதான் என்றும் பலர் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். இந்த நினைப்பு எவ்வளவு தூரம் சரியென்று சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

முதலாவது, திறந்த மூல மென்பொருள் என்றால் என்ன? கம்ப்யூட்டர் இன்னின்னபடி வேலை செய்ய வேண்டுமென்று வரிவரியாய் எழுதி வைத்த கட்டளைகளுக்கு மூல நிரல் என்று பெயர். அநேக கம்பெனிகள் அதைப் பூட்டி வைத்துக்கொண்டு அதன் பலனை மாத்திரம் விற்கின்றன. திறந்த மூலம் என்பதோ, அந்த நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கும் கொடுக்கலாம் என்று லைசென்சில் எழுத்துமூலமாகவே உரிமை கொடுத்து வெளியிடுவதாகும்.

1991-ம் வருஷத்தில் பின்லாந்து தேசத்து ஹெல்சிங்கி சர்வகலாசாலையில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது வாலிபர் பொழுதுபோக்காய் ஆரம்பித்ததுதான் லினக்ஸ். இன்று அது 3 கோடி வரிகளுக்கு மேல் வளர்ந்திருக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் அடியில் ஓடுவது அதுவே. உலகத்தின் மிகப் பெரிய 500 கம்ப்யூட்டர்களின் ஜாபிதாவில் 2017 முதல் ஒன்று விடாமல் எல்லாம் அதிலேயே ஓடுகின்றன. இவ்வளவையும் ஒரே மனிதர் எழுதினாரா? இல்லை. பல தேசங்களைச் சேர்ந்த ஆயிரக்கணக்கான பேர் ஆளுக்குச் சில வரிகளாய்ச் சேர்த்தார்கள். அவர்களில் ஒவ்வொருவரும் ஒரு நாள் புதியவராய் வந்து நின்றவர்தான். பிறக்கும்போதே நிரல் எழுதிக்கொண்டு பிறந்தவர் ஒருவரும் கிடையாது.

ஆகவே இதில் புகுவதற்கு யாருடைய உத்தரவு வேண்டும் என்று கேட்டால், ஒருவருடைய உத்தரவும் வேண்டியதில்லை என்பதே பதில். லைசென்சே உத்தரவு. சர்ட்டிபிகேட்டு கேட்பாரில்லை, குலம் கோத்திரம் கேட்பாரில்லை. நீ கொண்டுவந்த திருத்தம் ஓடுகிறதா, அதனால் பிழை தீருகிறதா என்பதுதான் கேள்வி.

ஆனால் வாசல் திறந்திருப்பதாலேயே வழியும் எல்லோருக்கும் சமமாயிருக்கிறது என்று நாம் சொல்ல வரவில்லை. கம்ப்யூட்டர் வேண்டும், ஓய்வு நேரம் வேண்டும், பேச்சு வார்த்தையெல்லாம் பெரும்பாலும் இங்கிலீஷில் நடக்கிறது. பகலெல்லாம் உழைத்து இரவில் ஒரு மணி நேரம் மிச்சமாகிறவனும், நாளெல்லாம் சம்பளத்துக்கு இதையே செய்கிறவனும் ஒன்றல்ல. இதை மறைப்பதில் பிரயோஜனமில்லை. அந்த ஒரு மணி நேரத்தை எப்படி வீணாக்காமல் உபயோகிப்பது என்பதுதான் நாம் யோசிக்க வேண்டிய விஷயம்.

எங்கே ஆரம்பிப்பது? பேர் பெற்றது எது என்று தேடி அலையாதீர்கள். நீங்கள் தினந்தோறும் உபயோகிக்கிற ஒரு மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குறை நிறைகள் உங்களுக்குத் தெரியும்; சொந்த அனுபவமே முதல் மூலதனம். அதன் நிரலோடு கூட "ரீட்மீ" என்று ஒரு ஏடும், "கான்ட்ரிபியூட்டிங்" என்று ஒரு ஏடும் அநேகமாய் இருக்கும். முன்னது அது இன்னதென்று சொல்லும். பின்னது எப்படி வேலை செய்து அனுப்ப வேண்டுமென்று சொல்லும். இவ்விரண்டையும் படிக்காமல் கேள்வி கேட்கப் போகிறவன், போர்டைப் பார்க்காமல் பஸ் ஏறுகிறவனுக்குச் சமானம்.

பிறகு அதில் சொல்லியபடியே உங்கள் கம்ப்யூட்டரில் நிரலைக் கட்டி ஓட்டிப் பாருங்கள். அது ஓடாமல் எங்கேயாவது தடுக்கும். வெட்கப்பட வேண்டாம். குறிப்பு தப்பாயிருந்து தடுத்ததானால் அதைத் திருத்தி எழுதுவதே உங்கள் முதல் தொண்டு. பழகியவர் கண்ணுக்கு அந்தத் தப்பு தெரியாது. புதியவன் கண்ணுக்குத்தான் தெரியும். ஆகையால் ஒன்றும் தெரியாதவன் என்று உங்களை நீங்களே தாழ்த்திக்கொள்கிற அந்த நிலைமையே ஒரு யோக்கியதையாகி விடுகிறது.

பிழையைக் கண்டுபிடித்து அறிவிப்பதும் வேலைதான். "வேலை செய்யவில்லை" என்று இரண்டு வார்த்தை எழுதிப்போட்டால் யாருக்கு என்ன தெரியும்? எந்தப் பதிப்பு, எந்தக் கம்ப்யூட்டர், எதை அழுத்தினேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன நடந்தது, மறுபடி செய்தாலும் அதுவே நடக்கிறதா என்று எழுத வேண்டும். வைத்தியரிடம் போனால் எங்கே வலி, எப்போதிருந்து என்று சொல்லுகிறோமல்லவா? அதுபோலத்தான். மொழிபெயர்ப்பும் ஒரு வாசல். லிப்ரே ஆபீஸ், பயர்பாக்ஸ் போன்றவற்றைத் தமிழில் ஆக்குவதற்கு நிரல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தமிழ் தெரிந்திருந்தால் போதும்.

நிரலைத் திருத்தத் துணிந்தவர்கள், புதியவர்களுக்கென்றே "குட் பஸ்ட் இஷ்யூ" என்று அடையாளமிட்டு வைத்திருக்கும் சிறு வேலைகளில் ஒன்றை எடுக்கலாம். ஒரு சமயத்தில் ஒரே விஷயம். எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்லது. கிட்ஹப் போன்ற இடங்களில் உங்கள் பிரதியில் திருத்தி, "இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கேட்பதற்கு புல் ரிக்வெஸ்ட் என்று பெயர். லினக்ஸிலோ திருத்தத்தை மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். அனுப்புமுன் எழுத்து நடையைச் சோதிக்க ஒரு கருவியையும் நிரலோடேயே வைத்திருக்கிறார்கள்.

நிற்க, அனுப்பியவுடன் சேர்த்துக்கொள்ளவில்லையே, இதை மாற்று, அதை மாற்று என்கிறார்களே என்று சிலர் கோபித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். இந்தக் கோபம் நியாயமா? 2014-ல் "ஹார்ட்பிளீட்" என்று ஒரு பெரும் பிழை வெளிவந்தது. இன்டர்நெட்டில் ரகசியங்களைக் காக்கும் ஓபன் எஸ்எஸ்எல் என்னும் மென்பொருளில், அளவைச் சரிபார்க்காத ஒரு திருத்தத்தால் வந்தது அது. இரண்டு வருஷ காலம் ஒருவர் கண்ணிலும் படவில்லை. எல்லோரும் பார்க்கலாம் என்பதாலேயே எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்று ஆகாது என்பதற்கு இதைவிட ருஜு என்ன வேண்டும்?

இன்னொன்றையும் கேளுங்கள். எக்ஸ்இசட் என்னும் சிறு மென்பொருளை ஒருவர் கூலியில்லாமல் தனியாய்க் காத்து வந்தார். ஜியா டான் என்ற பெயரில் 2021-ல் தலைகாட்டிய ஒரு ஆசாமி, நல்ல திருத்தங்களாகவே அனுப்பி, நம்பிக்கை சம்பாதித்து, பொறுப்பிலும் அமர்ந்து, 2024-ல் அதற்குள் திருட்டு வாசல் ஒன்றை வைத்துவிட்டார். ஆண்ட்ரேஸ் பிராயிண்ட் என்பவர், தம் கம்ப்யூட்டரில் உள்நுழைய அரை விநாடி அதிகமாகிறதே என்று சந்தேகித்துத் தோண்டிப் பார்த்ததால் 2024 மார்ச் 29-ந் தேதி அது வெளிப்பட்டது. அரை விநாடியைச் சும்மா விடாத புத்தியே உலகத்தைக் காப்பாற்றிற்று. இப்படியிருக்கையில் புதியவன் வேலையைப் புரட்டிப் பார்ப்பது அவமானமா, ஜாக்கிரதையா என்று யோசித்துப் பாருங்கள். வந்தவனை நம்புவதற்குப் பதில் வந்த வேலையைச் சோதிப்பதுதான் பகுத்தறிவுக்கு ஒத்த காரியம்.

பரிசுக்கு ஆசைப்பட்டுப் புகுகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அக்டோபர் மாதத்தில் நான்கு திருத்தம் அனுப்பினால் ஒரு டீ-ஷர்ட் என்று ஒரு கம்பெனி நடத்திவந்த "ஹேக்டோபர்பெஸ்ட்" விழாவில், 2020-ல் என்ன நடந்தது? ரீட்மீ ஏட்டில் இரண்டு புகழ்ச்சி வார்த்தைகளைச் சொருகி, அதைத் திருத்தமென்று அனுப்பியவர்கள் ஏராளம். குப்பை பொறுக்குவதே பராமரிப்பாளர்களுக்கு வேலையாயிற்று. கடைசியில், சம்மதித்த திட்டங்களுக்கு மாத்திரமே விழா என்று அந்த மாதத்திலேயே விதியை மாற்ற வேண்டி வந்தது. இப்போதோ, செயற்கை அறிவு எழுதிக்கொடுத்ததைத் தான் படித்தும் பாராமல் அனுப்புகிறவர்கள் தோன்றியிருக்கிறார்கள். கர்ல் என்னும் மென்பொருளைப் பராமரிக்கும் டேனியல் ஸ்டென்பர்க், இப்படிப்பட்ட பொய்ப் பிழை அறிக்கைகள் நேரத்தைத் தின்பதாக 2024-லும் 2025-லும் பகிரங்கமாகவே முறையிட்டார். தனக்குப் புரியாததைத் தன் பெயரில் அனுப்புகிறவனுக்கும், அர்த்தம் தெரியாமல் மந்திரம் ஒப்பிக்கிறவனுக்கும் என்ன வித்தியாசம்?

அப்படியானால் பராமரிப்பாளர் என்ன சொன்னாலும் கைகட்டிக் கேட்க வேண்டுமா? ஒருக்காலும் வேண்டாம். உங்கள் நிரலைக் குறை சொல்லலாம். உங்களை இழிவு செய்ய ஒருவருக்கும் பாத்தியதை இல்லை. கடுமையான ஏச்சுக்குப் பேர் போனவரான டோர்வால்ட்ஸே 2018 செப்டம்பரில் தம் நடத்தைக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சிறிது காலம் ஒதுங்கினார். அதே சமயத்தில் லினக்ஸ் திட்டத்தில் நடத்தை விதிகளும் ஏற்பட்டன. திட்டினால்தான் வேலை சுத்தமாகும் என்பது வெறும் பொய். மரியாதை கெட்ட இடத்தை விட்டு வேறு திட்டத்துக்குப் போங்கள். உலகத்தில் அதற்குப் பஞ்சமில்லை. அதுபோலவே உங்கள் இலவச உழைப்பில் கொழுத்த லாபம் அடைகிற கம்பெனிகளும் உண்டென்பதைத் தெரிந்துகொண்டே, எவ்வளவு கொடுப்பது என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.

ஆகவே தோழர்களே, பண்டிதர் அழைப்பார் என்று காத்திருக்க வேண்டாம். இன்றிரவே ஒரு மென்பொருளின் ரீட்மீயை எடுத்துப் படியுங்கள். தப்பு ஒன்று கண்ணில் பட்டால் திருத்தி அனுப்புங்கள். தள்ளினால் காரணம் கேளுங்கள். காரணம் சரியாயிருந்தால் ஒப்புக்கொண்டு மறுபடி செய்யுங்கள், தப்பாயிருந்தால் ருஜுவோடு எடுத்துச் சொல்லுங்கள். ஒரு வரி சேர்ந்தாலும் அது உங்கள் வரி. அந்த ஒரு வரி சேர்ந்த அன்றைக்கே, பிறர் செய்து கொடுத்ததை உபயோகித்து வாய்மூடிக் கிடக்கிற கூட்டத்திலிருந்து நீங்கள் வெளியே வந்துவிட்டீர்கள் என்று அறியுங்கள்.