தீவனப் பஞ்சமும் நம் சங்கங்களின் கடமையும்

மழை பொய்த்த ஆண்டில் குடியானவன் முதலில் கவலை கொள்வது பயிரைப் பற்றியே. ஆனால் அவனை நெடுங்காலம் எழவொட்டாமல் செய்வது மாட்டின் இழப்பாகும். பயிர் தீய்ந்தால் அடுத்த மழைக்கு மீண்டும் விதைக்கலாம். பசு போய்விட்டால், ஒரு கிடாரிக் கன்று வளர்ந்து சினைப்பட்டு ஈன்று பால் கொடுப்பதற்கு மூன்று நான்கு ஆண்டுகள் செல்லும். இதனை நம் அங்கத்தினர்களில் அறியாதார் எவருமிலர். அறிந்திருந்தும், தீவனத்தை அது கிடைக்காத காலத்திலேயே தேடிப் புறப்படுகிறோம்.

குளிர்நாடுகளில் ஆண்டுதோறும் சில மாதங்கள் மேய்ச்சல் நிலம் பனியால் மூடப்பட்டுவிடுகிறது. புல் வளர்வதே நின்றுவிடுகிறது. அந்நாட்டு உழவர் கோடையிலேயே புல்லை அறுத்து உலர்த்திப் போராக்குகின்றனர். பசும்புல்லைக் குழியிலிட்டு அழுத்திக் காற்றுப் புகாமல் மூடி ஊறுகாய்ப் புல்லாகவும் பதப்படுத்துகின்றனர். அவர்கள் நம்மினும் அறிவாளிகள் என்பது இதன் பொருளன்று. அவர்களுக்குப் பஞ்சகாலம் நாள் குறித்து வருகிறது. நமக்கோ நாள் குறியாமல் வருகிறது. நாள் தெரியாத காரணத்தாலேயே நாம் ஆயத்தம் செய்வதில்லை. நியாயமாகப் பார்த்தால், நாள் தெரியாதவனே எந்நாளும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

தாது வருஷப் பஞ்சம் என்று முதியோர் வழிவழியாகக் கூறிவந்த 1876-78ஆம் ஆண்டுகளின் கொடுமையில் மக்களோடு மாடுகளும் திரள்திரளாக மடிந்தன. அது பழங்கதை என்று தள்ளிவிட இயலாது. 2016இல் வடகிழக்குப் பருவமழை இயல்பினும் நூற்றுக்கு 60 பங்கிற்கு மேல் குறைந்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் மாவட்டங்கள் அனைத்தும் வறட்சியுற்றவையாக அறிவிக்கப்பட்டன. மக்களுக்கு உணவு வந்து சேர இக்காலத்தில் வழிகள் உண்டு. மாட்டுக்கு அத்தகைய ஏற்பாடு இன்னும் உறுதிப்படவில்லை.

கொங்கு நாட்டு மேட்டு நிலங்களில் நம் முன்னோர் இதற்கு ஒரு வழி கண்டிருந்தனர். அதுவே கொரங்காடு. நிலத்தைக் கிளுவை வேலியால் பல அடைப்புகளாகப் பிரித்து, கொழுக்கட்டைப் புல்லை வளரவிட்டு, இடையிடையே வெள்வேல மரங்களைக் காத்து வந்தனர். ஓர் அடைப்பில் மாடு மேயும்போது மற்றோர் அடைப்பில் புல் தழைத்துக்கொண்டிருக்கும். புல் காய்ந்த கோடையில் வெள்வேலங்காய் மாட்டுக்கு இரையாகும். குறைந்த மழையில் காங்கேயம் மாட்டினம் நிலைபெற்றதற்கு இவ்வேற்பாடு பெருந்துணை செய்தது. ஆனால் பாகப்பிரிவினையாலும், மனை விற்பனையாலும், ஆலைகளின் பெருக்கத்தாலும் கொரங்காடுகள் சுருங்கி வருகின்றன. எஞ்சியவையும் தொடர்ந்து இரண்டு பருவங்கள் மழை தவறினால் தாங்கமாட்டா.

அப்போது நிகழ்வது என்ன? வைக்கோல் விலையும் சோளத்தட்டு விலையும் ஏறுகின்றன. அதே வாரத்தில் சந்தையில் மாட்டின் விலை வீழ்கிறது. விற்போர் பலர், வாங்குவோர் சிலர். எலும்பு தெரியும் மாட்டுக்குக் கேட்ட விலையைக் கொடுப்பார் யார்? மழை பெய்த பின் அதே குடியானவன் கடன்பட்டு, விற்ற விலையைப்போல் பன்மடங்கு கொடுத்து வேறு மாடு வாங்குகிறான். மலிவாக விற்று உயர்வாக வாங்கும் இவ்வாணிகத்தில் இலாபம் இடைத்தரகருக்கே. நிலமின்றி ஒற்றைப் பசுவை வைத்துப் பால் ஊற்றும் நெசவாளர் குடும்பம் இதில் முதலில் பலியாகிறது.

இவ்விடத்தில் நெசவாளர் சங்கங்களின் அனுபவம் நமக்கு வழிகாட்டும். தறிக்காரர் ஒவ்வொருவரும் தனித்தனியே நூல் வாங்கி வியாபாரியிடம் சிக்குண்ட நிலையை மாற்றவே கைத்தறிச் சங்கங்கள் தோன்றின. சங்கம் மொத்தமாக நூல் வாங்கி இருப்பு வைத்து அங்கத்தினர்க்கு வழங்குகிறது. நூலுக்குச் செய்வதை வைக்கோலுக்குச் செய்தல் ஆகாதோ? கீழ்பவானிப் பாசனத்தில் சுமார் 2 லட்சம் ஏக்கர் நிலம் உள்ளது. அவ்வாய்க்காலை அடுத்தே வானம் பார்த்த பூமியும் உள்ளது. நெல் அறுவடையாகும் காலத்தில் வைக்கோல் மலிந்து கிடக்கிறது. கதிரறுக்கும் இயந்திரம் வந்த பின் அது வயலிலேயே சிதறிச் சில இடங்களில் வீணாகவும் போகிறது. அதனை உருளைகளாகக் கட்டும் இயந்திரமும் இப்போது உண்டு. வாங்கிச் சேர்ப்பதற்கு ஏற்ற காலம் அதுவே.

கணக்கைப் பார்ப்போம். முந்நூறு கிலோ எடையுள்ள மாடு உயிர் தாங்க நாளொன்றுக்கு ஏறத்தாழ 6 கிலோ உலர்தீவனம் வேண்டும். நூறு நாளைக்கு 600 கிலோ. ஓர் ஊரில் 200 மாடுகள் இருப்பின் 120 டன். ஏக்கருக்கு 2 டன் வைக்கோல் என்று கொண்டால், 60 ஏக்கர் வைக்கோல் ஓர் ஊரின் மாடுகளை நூறு நாள் காக்கும். இது தனியொருவரின் சக்திக்கு மேற்பட்டது. ஒரு சங்கத்தின் சக்திக்கு உட்பட்டது.

“மழை நன்றாகப் பெய்துவிட்டால் வாங்கிய வைக்கோல் தேங்கி முதல் முடங்காதா?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. முழு இருப்பையும் பஞ்சத்திற்கென்று பூட்டி வைக்க வேண்டுவதில்லை. ஒவ்வொரு கோடையிலும் பழைய இருப்பில் ஒரு பகுதியை அங்கத்தினர்க்கு விற்று, அடுத்த அறுவடையில் புதியது சேர்க்கலாம். பணம் இல்லாதவர்க்கு வைக்கோலாகவே கடன் கொடுத்து, வைக்கோலாகவோ சோளத்தட்டாகவோ திரும்பப் பெறலாம். சிறிது நஷ்டம் நேரினும், ஊர் மாடுகள் அடிமாடாகப் போகும் நஷ்டத்திற்கு அது ஈடாகுமா? தீ விபத்துக்கு அஞ்சுவோர் ஒரே பெரும் போராக வையாமல், இடைவெளிவிட்டுப் பல சிறு போர்களாக மேட்டில் அடுக்கி, மழை இறங்காமல் மூடிவைத்தல் நலம்.

அரசாங்கம் உலர்தீவனக் கிடங்குகளைத் திறக்கும் என்று காத்திருப்போரும் உளர். அவ்வுதவி வரட்டும், வரவேற்போம். ஆனால் அது வறட்சி அறிவிக்கப்பட்ட பின்னரே வரும். மாட்டின் வயிறு அறிவிப்புக்குக் காத்திராது. மேலும் வாய்க்காலிலும் தண்ணீர் வாராத ஆண்டில் வைக்கோலே விளையாது. முந்திய நல்ல ஆண்டில் சேர்த்ததே துணையாகும்.

இருப்பு வைப்பதோடு அறிவுரையும் சங்கத்தின் பணியே. வெறும் வைக்கோலில் சத்துக் குறைவு. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைச் சுமார் 50 லிட்டர் நீரில் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடிவைத்தால் சத்தும் செரிமானமும் கூடும். எடுத்துச் சிறிது நேரம் ஆறவிட்ட பிறகே போட வேண்டும். ஆறு மாதத்திற்குட்பட்ட கன்றுகளுக்கு இது கூடாது. யூரியாவைத் தனியே மாடு நக்கினால் உயிருக்கே கேடு. அதேபோல் மழையின்றிக் குன்றி வாடிய இளஞ்சோளப் பயிரில் நஞ்சு மிகுந்திருக்கும். பசித்த மாட்டை அதில் மேயவிடலாகாது. கழிக்க வேண்டிய கிழமாடுகளையும் ஈனாப் பசுக்களையும் உடல் வற்றும் முன்பே விற்றுவிட்டு, இருக்கும் தீவனத்தைச் சினைப்பசுவுக்கும் கிடாரிக்கும் ஒதுக்குவதே விவேகம்.

ஆகவே ஒவ்வொரு சங்கத்தின் நிர்வாகக் குழுவும் அடுத்த நெல் அறுவடைக்கு முன்பே கூடி, அங்கத்தினர்களின் மாடுகளைக் கணக்கெடுத்து, வைக்கோல் கொள்முதலுக்கு ஒரு தொகையை ஒதுக்கத் தீர்மானிக்க வேண்டும். அதன் பொருட்டு ஓராண்டுப் பங்காதாயம் சிறிது குறையினும் அங்கத்தினர்கள் மனமுவந்து இசைய வேண்டும். பங்காதாயமாகக் கைக்கு வரும் சில ரூபாய்கள் ஒரு வாரச் செலவில் கரைந்துவிடும். சங்கத்துக் களத்தில் நிற்கும் போர் தொழுவத்தில் மாட்டை நிலைநிறுத்தும். வானம் கறுக்கவில்லையே என்று அண்ணாந்து பார்க்கும் நாளில் கூடிப் பேசிப் பயனில்லை. வைக்கோல் மலிந்த நாளிலேயே செயற்படுவோமாக.