காலையில் தெர்மாமீட்டர் வைத்தால் தைராய்டு தெரிந்துவிடுமா?

`காலையில் கண் விழித்ததும் தெர்மாமீட்டரை அக்குளில் வையுங்கள். 97.8 டிகிரிக்குக் கீழே காட்டினால் உங்களுக்குத் தைராய்டு இருக்கிறது.' வாட்ஸ்அப்பில் அவ்வப்போது வலம்வரும் யோசனை இது. ஊசி இல்லை, செலவில்லை என்பதால் பலரும் முயன்று பார்க்கிறார்கள். இதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

எங்கிருந்து வந்தது?

இதைப் பிரபலப்படுத்தியவர் அமெரிக்க மருத்துவர் புரோடா பார்ன்ஸ். 1942-ல் இதுபற்றி மருத்துவ இதழில் எழுதினார். இன்று எளிதாகச் செய்யப்படும் டி.எஸ்.ஹெச் ரத்தப் பரிசோதனை அப்போது கிடையாது. நோயாளி சுவாசிக்கும்போது எவ்வளவு ஆக்ஸிஜன் செலவாகிறது என்பதை அளந்துதான் தைராய்டின் வேலையைக் கணித்தார்கள். அதைவிட எளிய வழியாகத்தான் பார்ன்ஸ் தெர்மாமீட்டரைச் சொன்னார்.

அடிப்படை சரிதான். உடல் எந்த வேகத்தில் சக்தியைச் செலவழிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது தைராய்டு ஹார்மோன். அது குறைந்தால் குளிர் தாங்காது, நாடித்துடிப்பு மந்தமாகும். கூடினால் வியர்வை, படபடப்பு, வேகமான நாடி.

ஏன் போதாது?

உடல் வெப்பம் தைராய்டை மட்டும் பொறுத்ததல்ல. அதிகாலையில் குறைவாகவும் மாலையில் அதிகமாகவும் இருக்கும். பெண்களுக்குக் கருமுட்டை வெளியான பிறகு அரை டிகிரி முதல் ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் வரை ஏறும். வயதானவர்களுக்கு இயல்பிலேயே குறைவு. அக்குளில் பார்த்தால் வாயில் பார்ப்பதைவிடக் குறைவாகவே காட்டும். நாடியும் அப்படித்தான். காபி, பதற்றம், ரத்தச்சோகை வேகப்படுத்தும். சில பிரஷர் மாத்திரைகளும் தினசரி ஓட்டப்பயிற்சியும் குறைக்கும்.

ஆபத்து எங்கே?

வெப்பம் குறைவு என்று தைராக்ஸின் மாத்திரையைத் தாங்களாகவே கூட்டிக்கொண்டால், இதயத்துடிப்பு தாறுமாறாகலாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பும் பலவீனமாகும்.

மறுபக்கம், `எல்லாம் நார்மல்' என்று பரிசோதனையைத் தள்ளிப்போடுவதும் ஆபத்தே. குறிப்பாகக் கர்ப்பிணிகள். முதல் சில மாதங்களில் சிசுவின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராய்டு ஹார்மோன்தான் ஆதாரம்.

வீட்டில் எதைக் கவனிக்கலாம்?

* நாடி: 5 நிமிடங்கள் அமைதியாக உட்காருங்கள். கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைத்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை இயல்பு.

* தொடர்ந்து 100-ஐத் தாண்டினாலோ, துடிப்பு விட்டுவிட்டு வந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் சேர்ந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

* நாடி 60-க்குக் கீழே இருந்து, அசதி, மலச்சிக்கல், எடை கூடுதல், தோல் வறட்சியும் இருந்தால் டி.எஸ்.ஹெச் பார்ப்பது நல்லது. நாடி இயல்பாக இருந்தாலும் இந்த அறிகுறிகள் நீடித்தால் பாருங்கள்.

* தெர்மாமீட்டர்: தைராய்டு அதிகமாகச் சுரப்பதற்காகக் கார்பிமசோல் சாப்பிடுபவர்களுக்கு இது கட்டாயம். காய்ச்சல், தொண்டைவலி, வாய்ப்புண் வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். அரிதாக, இந்த மருந்து ரத்த வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடும்.

டெஸ்ட்டுக்குப் போகும்முன்

கர்ப்பிணி அல்லாத பெரியவர்களுக்கு டி.எஸ்.ஹெச் சுமார் 0.4 முதல் 4 வரை இயல்பு; லேபுக்கு லேப் சற்று மாறும். முடி வளர்ச்சிக்காகப் பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள், 2 நாள்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். ரிசல்ட் தவறாக வரலாம். தைராக்ஸின் அளவு மாறினால், 6 முதல் 8 வாரங்கள் கழித்துப் பார்த்தால்தான் சரியான நிலவரம் தெரியும்.

அதுவரை தினமும் எண்ணிய நாடியைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி, டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரையைக் கூட்டுவதா, குறைப்பதா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.