யந்திரத் துடைப்பம் வாங்கலாமா?

கம்பியில்லாத மின்சாரத் துடைப்பம் என்று ஒன்று கடைகளில் விற்கப்படுகின்றது. சுவரிலிருந்து கம்பியை இழுத்துக் கொண்டு திரியாமல், கைப்பிடிக்குள்ளேயே பாட்டரியை வைத்து, தரையிலுள்ள தூசியை உறிஞ்சும் யந்திரம் அது. சில ஆயிரம் ரூபாயிலிருந்து ஐம்பதாயிரத்துக்கு மேலும் விலை சொல்லுகின்றார்கள். இதை வாங்கலாமா, வேண்டாமா என்பது இப்போது பல வீடுகளில் பேச்சாக இருக்கின்றது. வீட்டுச் சாமான் விஷயத்துக்குப் பத்திரிகையில் இடம் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். வீட்டில் தினந்தோறும் குனிகின்ற முதுகு யாருடையது என்கின்ற கேள்வி இதற்குள் அடங்கியிருப்பதால், இது நாம் பேசித் தீர வேண்டிய விஷயமேயாகும்.

முதலாவதாக, வேண்டாம் என்கின்ற வைதிகர்களின் வாதத்தைப் பார்ப்போம். "துடைப்பம் லட்சுமி, அதை மிதிக்கக் கூடாது, விளக்கு வைத்த பிறகு வீடு கூட்டினால் லட்சுமி வெளியே போய்விடுவாள்" என்கின்றார்கள். நல்லது. ஒருவனை அவமானப்படுத்த வேண்டுமானால் "விளக்குமாற்றால் அடிப்பேன்" என்று சொல்லுவதும் இவர்கள்தானே? அடிபட்டவனுக்கு லட்சுமி கடாட்சம் கிடைத்ததாக எந்தப் புராணத்திலாவது உண்டா? யந்திரத்திலோ தூசி வெளியே போகாமல் டப்பாவுக்குள்ளேயே தங்குகின்றது. அப்படியானால் ராத்திரியில் கூட்டினாலும் லட்சுமி டப்பாவுக்குள் பத்திரமாக இருக்க வேண்டுமல்லவா? அகல் விளக்கின் மங்கல் வெளிச்சத்தில் கூட்டினால் கீழே விழுந்த திருகாணியும் காசும் குப்பையோடு போய்விடும் என்பதற்கு மேல் இந்த விதிக்கு அறிவுக்கேற்ற காரணம் ஒன்றும் நமக்குத் தோன்றவில்லை. மின்சார விளக்கு வந்த வீட்டில் அந்தக் காரணம் செத்துப் போய்விட்டது. விதி மாத்திரம் உயிரோடு இருக்கின்றது.

இன்னொரு கூட்டத்தார், "குனிந்து கூட்டுவது பெண்களுக்குத் தேகாப்பியாசம், யந்திரம் வந்தால் சோம்பேறிகளாகி விடுவார்கள்" என்கின்றார்கள். அவ்வளவு நல்ல தேகாப்பியாசமானால் இந்த ஆண் சிங்கங்கள் ஏன் ஒரு நாளாவது செய்து பார்ப்பதில்லை? மக்கள் தம் நேரத்தை எப்படிச் செலவிடுகின்றார்கள் என்று இந்திய சர்க்கார் 2019-ம் வருஷத்தில் கணக்கெடுத்தார்கள். ஆறு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்தவர்கள் பெண்களில் நூற்றுக்கு 81 பேர். ஆண்களில் 26 பேர். அப்படிச் செய்தவர்களிலும் பெண் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிஷமும், ஆண் 97 நிமிஷமும் செய்தார்கள். ஏறக்குறைய ஐந்து மணி நேரம் கூலியில்லாமல் வேலை வாங்கிக் கொண்டு, அதற்குத் தேகாப்பியாசம் என்று பெயர் வைப்பது எந்த ஊர் நியாயம்?

இந்த யந்திரம் பிறந்த கதையையும் கேளுங்கள். 1901-ல் லண்டனில் பூத் என்கின்ற எஞ்சினீயர் தூசியை உறிஞ்சும் யந்திரம் ஒன்றைச் செய்தார். குதிரை வண்டியில் ஏற்றித் தெருவில் நிறுத்தி, ஜன்னல் வழியாகக் குழாய் விட்டு வேலை செய்ய வேண்டிய பெரிய யந்திரம் அது. ஒரே ஆள் வீட்டுக்குள் தள்ளிக் கொண்டு போகத்தக்க மின்சார யந்திரத்துக்கு வழி செய்தவரோ, அமெரிக்காவில் ஒஹாயோ மாகாணத்துக் காண்டன் நகரில் ஒரு கடையில் கூட்டிப் பெருக்கி வந்த ஸ்பாங்ளர் என்னும் தொழிலாளி. அவர் ஆஸ்துமாக்காரர். தரை கூட்டும் தூசி அவர் மூச்சை வாட்டவே, விசிறி மோட்டாரையும், தலையணை உறையையும், துடைப்பக் கட்டையையும் சேர்த்து ஒரு யந்திரம் கட்டி, 1908-ல் பேட்டண்டு பெற்றார். துடைப்பம் பிடித்தவரே துடைப்பத்துக்கு மாற்றுக் கண்டார்! நம் நாட்டிலோ, கூட்டுகின்றவன் கூட்டிக் கொண்டே இருப்பது அவன் பூர்வ ஜென்ம பலன் என்று எழுதி வைத்து விட்டதால், அவனுடைய இருமல் ஒருவர் காதிலும் விழவில்லை.

நிற்க. வைதிகன் பேச்சைத் தள்ளியவர்கள் வியாபாரி பேச்சை வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. இக்காலத்துப் புராணம் விளம்பரம். "அபார சக்தி! அறுபது நிமிஷம் ஓடும்!" என்று போட்டிருப்பான். ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போடுங்கள். பாட்டரியில் 25.2 வோல்ட், 2500 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்டிருப்பதாக வைத்துக் கொள்வோம். இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 63 வாட் மணி. மோட்டார் முழு வேகத்தில் 400 வாட் இழுத்தால், ஒன்பதரை நிமிஷத்துக்குள் பாட்டரி காலி. அறுபது நிமிஷம் ஓட வேண்டுமானால் 63 வாட்டில்தான் ஓட வேண்டும். அதாவது ஆறில் ஒரு பங்குக்கும் குறைவான பலம். அபார சக்தியும் நிஜமாயிருக்கலாம், அறுபது நிமிஷமும் நிஜமாயிருக்கலாம். இரண்டும் ஒன்றாக வரவே வராது. இதைச் சொல்லாமல் மறைப்பதுதான் வியாபாரத் தந்திரம்.

இன்னும் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. லிதியம் பாட்டரி சில நூறு தடவை சார்ஜ் செய்த பிறகு தேய்ந்து கொண்டே வரும். அப்போது பாட்டரியை மாத்திரம் மாற்ற முடியுமா? அதன் விலை என்ன? பழுது பார்ப்பவன் நம் ஊரில் உண்டா? வடிகட்டி எப்படிப்பட்டது? மட்டமான வடிகட்டியானால் முன்னால் உறிஞ்சிய நுண்ணிய தூசியைப் பின்னால் ஊதிவிடும். உண்மையான ஹெப்பா வடிகட்டியோ 0.3 மைக்ரான் துகளையும் நூற்றுக்கு 99.97 பங்கு பிடிக்க வேண்டும். ஆயுத பூஜையன்று யந்திரத்துக்குச் சந்தனம் குங்குமம் வைப்பதைவிட, வடிகட்டியை அவ்வப்போது சுத்தம் செய்வது ஆயிரம் மடங்கு மேல். அன்றியும், சாதாரண உறிஞ்சு யந்திரம் ஈரத்தைத் தொடக் கூடாது. ஆகவே தரை துடைக்கின்ற வேலை அப்படியேதான் இருக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம் ஒன்று. ரூத் கோவன் என்கின்ற அமெரிக்கச் சரித்திர ஆசிரியை 1983-ல் எழுதிய புத்தகத்தில், வீட்டு யந்திரங்கள் வந்தும் பெண்களின் வேலை நேரம் குறையவில்லை என்று எடுத்துக் காட்டினார். முன்பு கம்பளங்களை வெளியே தூக்கிப் போட்டு அடித்துத் தூசி தட்டும் வேலையில் ஆண்களும் பிள்ளைகளும் கூடச் சேர்ந்தார்கள். யந்திரம் வந்ததும், "இனி சுலபந்தானே" என்று அதையும் பெண் தலையிலேயே கட்டினார்கள். சுத்தத்தின் அளவும் உயர்ந்தது. யந்திரம் மிச்சப்படுத்தியது ஆண்களின் உழைப்பைத்தான்!

ஆகவே நமது அபிப்பிராயம் இதுவாகும். சிமெண்ட்டோ டைல்ஸோ போட்ட இரண்டு அறை வீட்டுக்காரர் கடன்பட்டு இதை வாங்குவது அறிவீனம். நின்றபடியே கூட்டத்தக்க நீளப் பிடித் துடைப்பமும், நீளப் பிடி வைத்த தரை துடைப்பானும் சில நூறு ரூபாயில் முடியும், முதுகும் பிழைக்கும். குட்டைத் துடைப்பம்தான் குடும்பப் பெண்ணுக்கு லட்சணம் என்று எவரும் சாஸ்திரம் காட்ட வேண்டாம். வீட்டில் ஆஸ்துமாக்காரரோ, குனிய முடியாத வயோதிகரோ இருந்து, கம்பளமும் மெத்தையும் உள்ள இடமானால், கையில் பணமும் இருந்தால், மேலே சொன்ன கேள்விகளுக்கு நேரான பதில் பெற்றுக் கொண்டு தாராளமாக வாங்கலாம். அண்டை வீட்டான் வாங்கினான் என்பதற்காக வாங்குவது மூடத்தனம். கலியாணச் சீர்வரிசையில் இதையும் சேர்த்துக் கேட்கத் துணிகின்ற மாப்பிள்ளை வீட்டாருக்குப் பழைய விளக்குமாறே போதும்.

எதை வாங்கினாலும் சரி, அதை முதல் மாதம் முழுவதும் வீட்டு ஆண்களே பிடித்துக் கூட்டட்டும். பணத்துக்குத் தக்க பலன் உண்டா, பாட்டரி எத்தனை நிமிஷம் நிற்கின்றது, கூட்டுவது தேகாப்பியாசமா கஷ்டமா என்கின்ற எல்லா விவகாரமும் அந்த ஒரு மாதத்தில் ஐயமறத் தீர்ந்து போகும்.