மலைக்கு மல்லன் தெரியாது

தேசூர், வந்தவாசி, ஆரணி வட்டாரத்தில் மலையேற்றம் என்றால் பர்வதமலைதான். பௌர்ணமி இரவில் தென்மகாதேவமங்கலம் பக்கமோ கடலாடி பக்கமோ அடிவாரத்தில் தொடங்கி, கடப்பாறைப் படியையும் சங்கிலியையும் பிடித்து ஏறி, விடியலில் மல்லிகார்ஜுனரைத் தொழுதுவிட்டு இறங்கி, மறுநாள் வழக்கம்போலத் தறியில் உட்கார்ந்துவிடுகிறவர்கள் இங்கே உண்டு. பாராட்ட வேண்டிய உழைப்பு அது. ஆனால் அந்த அனுபவத்திலிருந்து ஊர் எடுத்துக்கொண்ட முடிவுதான் ஆபத்தானது. உடம்பில் தெம்பும் மனசில் உறுதியும் இருந்தால் எந்த மலையும் ஒரு பொருட்டில்லை என்கிறது அந்த முடிவு. பர்வதமலையோடு நிற்கிறவரை இந்த நம்பிக்கையால் பெரிய சேதமில்லை. இப்போது ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோவுக்கு 'ஐந்தே நாளில் உச்சி' என்று கூப்பிடும் விளம்பரங்கள் சிற்றூர்க் கைபேசிகளுக்கும் வந்துவிட்டன. ஜிம்முக்குப் போகும் இளைஞர்தான் அவற்றை முதலில் நம்புகிறார். அந்த நம்பிக்கைக்கு முதலில் பலியாகக்கூடியவரும் அவர்தான்.

மெல்லிய காற்றால் வரும் உயர மலை நோய் பொதுவாகத் தலைகாட்டத் தொடங்குவது சுமார் 2,500 மீட்டருக்கு மேலே. பர்வதமலை சுமார் 4,500 அடி, அதாவது 1,400 மீட்டரைத் தொடாத உயரம். அங்கே மூச்சு வாங்குவதற்குக் காரணம் செங்குத்து, காற்றின் மெலிவு அல்ல. சமவெளியில் கிடைக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அங்கேயும் கிடைக்கிறது. வெள்ளியங்கிரியும் இந்த எல்லைக்குக் கீழேதான். தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். அங்கும் காரில் போய் ஒரு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்புகிறோம். ஆக, இந்த மாநிலத்து மலைகள் அத்தனையையும் ஏறி முடித்த ஒருவருக்கும் தன் உடம்பு உயரத்தில் என்ன செய்யும் என்பது தெரிந்திருக்க வழியில்லை. அவர் சோதித்தது கால்களையும் இதயத்தையும் மட்டுமே. கிளிமஞ்சாரோவின் உஹுரு உச்சி 5,895 மீட்டர். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதி.

அந்த மலைக்குப் பல வழிகள் உண்டு. அவற்றில் குறுகியதும் செங்குத்தானதும் தெற்கே இருக்கும் உம்ப்வே வழி. மரவேர்களையே படியாகப் பிடித்து ஏற வேண்டிய காடு, இருபுறமும் பள்ளம் விழும் மலைமுதுகு என்று அதன் அழகுக்குக் குறைவில்லை. 'பலசாலிகளின் வழி' என்று அதை விற்பதும் இதனால்தான். கணக்கைப் பாருங்கள். சுமார் 1,600 மீட்டரில் புறப்படுகிறவர் முதல் இரவை ஏறக்குறைய 2,900 மீட்டரிலும், இரண்டாம் இரவை 4,000 மீட்டரை ஒட்டிய பராங்கோ முகாமிலும் கழிக்கிறார். 3,000 மீட்டருக்கு மேல் போனபின் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்ட வேண்டாம் என்பது மலை மருத்துவர்களின் பரிந்துரை. உம்ப்வே ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேல் கூட்டுகிறது. இந்தத் தாவலைக் கால்கள் தாங்கிவிடும், உடம்பின் மற்ற வேலைகள்தான் பின்தங்கிவிடும். மெல்லிய காற்றில் மூச்சு வேகமெடுக்கிறது. கரியமில வாயு அதிகமாக வெளியேறி ரத்தம் காரத்தன்மை பெறுகிறது. அந்தக் காரமே மூச்சின் வேகத்துக்குத் தடை போடுகிறது. சிறுநீரகம் அதைச் சரிக்கட்டி முடிக்கச் சில நாட்கள் ஆகும். சிவப்பணு கூடுவதற்கு வாரக்கணக்கு. நூலில் சாயம் ஏறும் நேரத்தை நெசவாளியின் கைவேகம் குறைத்துவிடுமா? சிறுநீரகமும் பளு தூக்கும் தோளைப் பார்த்துத் தன் வேலையை முடுக்கிக்கொள்வதில்லை.

உடல்வலு காப்பாற்றும் என்பவர்கள் மார்டினா நவ்ரத்திலோவாவை நினைத்துப் பார்க்கட்டும். ஒற்றையர் ஆட்டத்தில் மட்டும் 18 கிராண்ட்ஸ்லாம் பட்டங்கள் வென்றவர், உடற்பயிற்சியையே டென்னிஸின் பகுதியாக்கிக் காட்டியவர். 2010 டிசம்பரில் கிளிமஞ்சாரோவில் ஏறியபோது உச்சிக்கு வெகு கீழேயே நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. சுமைதூக்கிகள்தான் அவரைக் கீழே இறக்கினார்கள். நைரோபியில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவருக்கு அப்போது வயது 54, அந்த ஆண்டுதான் புற்றுநோய்ச் சிகிச்சையும் எடுத்திருந்தார் என்று யாராவது மறுத்தால், அந்த மறுப்பு நியாயமானதே. அப்படியானால் வயதும் நோயும் குறுக்கே வராத சான்று ஒன்றை நம் நாட்டிலேயே தேடலாம். 1962 சீனப் போரின்போது சமவெளியிலிருந்த இந்தியச் சிப்பாய்கள் அவசரமாக இமயத்து உயரங்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஆள் எடுக்கும்போதே உடல்தகுதி பார்த்துத் தேர்ந்தவர்கள், அன்றாடம் பயிற்சியில் இருந்தவர்கள். அவர்கள்தான் தலைவலியும் வாந்தியுமாகச் சுருண்டார்கள். சிலருக்கு நுரையீரலிலும் மூளையிலும் நீர் கோத்தது. இந்தர் சிங் தலைமையிலான ராணுவ மருத்துவர்கள் இப்படிப் பாதிக்கப்பட்ட 1,925 சிப்பாய்களைப் பற்றி 1969இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை உலக மருத்துவத்தில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. ராணுவம் அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டது. 9,000 அடியிலிருந்து 12,000 அடி வரை போகிறவர் ஆறு நாள், அதற்கு மேல் 15,000 அடி வரை இன்னும் நான்கு நாள், அதையும் தாண்டினால் மேலும் நான்கு நாள் என்று உடம்பைப் பழக்கிய பிறகே வேலைக்கு விடுகிறது. முதல் இரண்டு நாளும் ஓய்வுதான். 15,000 அடிக்கு மேல் போகும் சிப்பாய்க்கே பதினான்கு நாள் தேவைப்படும்போது, 19,341 அடிக்கு ஐந்து நாள் போதும் என்று தனியார் முகவர் சொல்கிறார், நாமும் முன்பணம் கட்டுகிறோம்.

உடம்பு ஏமாற்றினாலும் மனவுறுதி கைவிடாது என்பது இந்த நம்பிக்கையின் மறுபாதி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உயர மலை நோய் முற்றி மூளை வீங்கும்போது தீர்மானிக்கும் திறனே பழுதாகிவிடும். நடை தள்ளாடும், பேச்சு குழறும், இருந்தும் 'எனக்கு ஒன்றுமில்லை, மேலே போகலாம்' என்று அவர் சாதிப்பார். அது உறுதி அல்ல, நோயின் குறி. ஒரு காலின் குதியை மற்றக் காலின் விரல்நுனியோடு ஒட்டி நேர்கோட்டில் நடக்கச் சொல்லிப் பார்ப்பது மலைகளில் எளிய சோதனை. அதில் தடுமாறுகிறவரை அவர் சம்மதத்துக்குக் காத்திராமல் உடனே இறக்க வேண்டும். அமர்நாத் 3,888 மீட்டர்தான், அங்கு போகிறவர்கள் பக்தியில் யாருக்கும் குறைந்தவர்களும் அல்ல. இருந்தும் மருத்துவச் சான்றிதழ் இல்லாமல் யாத்திரைக்கு அனுமதியில்லை. பக்தியைச் சந்தேகித்து வந்த விதி அல்ல அது.

எதிர்வாதங்களில் வலுவானது சுமைதூக்கிகளைப் பற்றியது. தலையிலும் தோளிலும் மூட்டை வைத்துக்கொண்டு அவர்கள் பயணிகளை முந்திப் போகிறார்களே என்கிறார்கள். அவர்கள் மலையடிவார ஊர்களில் பிறந்து, ஆண்டெல்லாம் ஏறி இறங்கிப் பழகியவர்கள். பெரும்பாலோர் உச்சிக்குப் போவதுமில்லை, முகாமோடு நின்றுவிடுகிறார்கள். அவர்களிலும் குளிராலும் உயர நோயாலும் இறந்தவர்கள் உண்டு, அது நம் செய்தித்தாளுக்கு வருவதில்லை. இன்னொரு சான்றாக ஓட்டக்காரர் கார்ல் எக்லாஃபைக் காட்டுவார்கள். 2014இல் ஏறி இறங்க அவருக்கு ஏழு மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் அவர் வளர்ந்தது 2,850 மீட்டர் உயரத்திலிருக்கும் கீட்டோ நகரத்தில். தவிர, உயர மலை நோய் பெரும்பாலும் உயரத்தை அடைந்து ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்தே தெரியவரும். அதற்குள் அவர் கீழே வந்தாயிற்று. மேலே தங்கித் தூங்குகிறவர்களுக்கு அவர் முன்மாதிரி ஆக மாட்டார். லடாக் போய்வந்தேன், ஒன்றும் ஆகவில்லை என்பவரும் எத்தனை நாளில் ஏறினார், எங்கே தூங்கினார் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒருமுறை தப்பியது அடுத்த முறைக்கு உத்தரவாதமில்லை.

உடற்பயிற்சியே வீண் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. முழங்காலுக்கும், இறங்குவதற்கும், உச்சி நாளின் நள்ளிரவு நடைக்கும் அது வேண்டும். உயர நோயைத் தடுக்கும் வேலை மட்டும் அதற்குத் தெரியாது. பார்க்கப்போனால் வலுவுள்ளவர்களுக்கே அபாயம் கூடலாம். பலவீனமானவரின் கால்கள் அவரை மெதுவாக்கி ஓரளவு காக்கின்றன. பலசாலியின் கால்கள் அவருடைய நுரையீரல் தயாராகும் முன்பே அவரை மேலே கொண்டுபோய் விடுகின்றன. கிளிமஞ்சாரோ வழிகாட்டிகள் அடிக்குப் பத்துமுறை சொல்லும் சுவாஹிலிச் சொல் 'போலே போலே', மெதுவாக மெதுவாக. கிழவர்களைவிட இளைஞர்களிடமே அதை அதிகம் சொல்ல வேண்டியிருப்பதில் வியப்பில்லை.

நாட்கள் கூடினால் பணமும் கூடும் என்பது உண்மையான தடை. பூங்காக் கட்டணம் நாள்கணக்கில் வாங்கப்படுகிறது, ஆட்களின் கூலியும் அப்படியே. குறைந்த நாள் பயணம் மலிவாக இருப்பதும், அதை விற்க 'பலசாலிக்கு இது போதும்' என்ற புகழ்ச்சி தேவைப்படுவதும் இதனால்தான். அந்தப் பணம் இல்லையென்றால் ஓராண்டு தள்ளிப் போகலாம், போகாமலே இருக்கலாம். இரண்டிலும் அவமானம் ஏதுமில்லை. போவதென்று முடிவானால், உச்சிப் படத்தைக் காட்டும் முகவரிடம் ஒவ்வோர் இரவும் எத்தனை மீட்டரில் தூங்க வைப்பார் என்று எழுதி வாங்குங்கள். எட்டு நாள் லெமோஷோ வழியில் போகிறவர்களுக்கு உடம்பு பழக அவகாசம் கிடைக்கிறது, ஐந்து நாள் உம்ப்வே அதைத் தருவதில்லை. தலைவலி வந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், முற்றினால் இறங்குங்கள். வீட்டுப் பிள்ளை புறப்படும்போது 'உனக்கென்னடா, சிங்கம் மாதிரி இருக்கிறாய்' என்று தட்டிக்கொடுத்து அனுப்பும் பெரியவர்களும் அந்த ஒரு வாக்கியத்தை நிறுத்திக்கொள்ள வேண்டும்.