ஒரே வழக்கில் இருவருக்கு ஜாமீன், ஒருவருக்கு மறுப்பு: ஏன்?

நீதிமன்ற வளாகத்தில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது: "வெட்டியவன் வேறு. என் பையன் காடிதான் ஓட்டினான். அவனுக்கு ஏன் ஜாமீன் இல்லை?"

கேட்பவர் பெரும்பாலும் தாயாக இருப்பார். அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஜாமீன் மனு வரும்போது நீதிமன்றம் முதலில் பார்ப்பது, குற்றச்சாட்டில் எந்தச் சட்டப் பிரிவு எழுதப்பட்டிருக்கிறது என்பதைத்தான். காடி ஓட்டினாரா, காவலுக்கு நின்றாரா என்பதெல்லாம் விசாரணையில் பார்த்துக்கொள்ளப்படும்.

குற்றவியல் நடைமுறைச் சட்டம் குற்றங்களை இரண்டாகப் பிரிக்கிறது. ஜாமீனுக்குரிய குற்றம் என்றால் பிரிவு 387-இன் கீழ் ஜாமீன் கேட்பது உரிமை. மற்றவற்றுக்குப் பிரிவு 388. அங்கே முடிவு நீதிபதியின் கையில். ஆனால் மரண தண்டனையோ ஆயுள் சிறையோ விதிக்கக்கூடிய குற்றத்தைச் செய்தவர் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், விடுவிக்கக்கூடாது என்பது பொது விதி. 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர், பெண், நோயாளி அல்லது உடல் தளர்ந்தவர் ஆகியோருக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. 2002-இல் கொலைக் குற்றச்சாட்டை எதிர்நோக்கிய முதிய வழக்கறிஞர் டத்தோ பல்வந்த் சிங்கிற்கு ஜாமீன் கிடைத்தது இந்த வழியில்தான்.

உடந்தையாளர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். தண்டனைச் சட்டத்தின் பிரிவு 34 'பொது நோக்கம்' பற்றியது. பலர் ஒரே நோக்கத்தோடு செய்த செயலுக்கு ஒவ்வொருவரும் தனியாகச் செய்ததுபோலவே பொறுப்பு. கொலைக்கான பிரிவு 302-உடன் இந்த 34 சேர்ந்துவிட்டால், காடி ஓட்டியவரும் வெட்டியவரும் சட்டத்தின் முன் ஒன்று. தூண்டியவர், உதவியவர் மீது வரும் பிரிவு 109-உம் அப்படியே. தண்டனை அசல் குற்றத்துக்கு உரியதே. கட்டாய மரண தண்டனை 2023-இல் நீக்கப்பட்டது உண்மைதான். ஆனாலும் கொலைக்கு மரண தண்டனை இன்னும் விதிக்கப்படலாம் என்பதால் ஜாமீன் தடை அப்படியே நிற்கிறது.

அதே சம்பவத்தில், ஒளிய இடம் கொடுத்ததாக மட்டும் பிரிவு 212-இன் கீழ் குற்றஞ்சாட்டப்பட்டவருக்குத் தண்டனை அதிகபட்சம் 5 ஆண்டுகள். அவருக்கு அந்தத் தடை இல்லை. ஒருவர் வீட்டுக்கும் மற்றவர் சிறைக்கும் போவதன் இரகசியம் இவ்வளவுதான்.

இதன் விலை என்ன என்பதற்கு நாடறிந்த உதாரணம் அப்துல் ரசாக் பகிண்டா. அல்தான்துயா கொலைக்கு உடந்தை என்று 2006 நவம்பரில் அவர் மீது குற்றஞ்சாட்டப்பட்டது. ஜாமீன் மனு நிராகரிக்கப்பட்டது. 2008 அக்டோபர் 31-ஆம் நாள், எதிர்வாதம் செய்ய அழைக்கப்படாமலேயே ஷா ஆலாம் உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்யவில்லை. இடையில் போனது ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள். பின்னர் வந்த சிவில் வழக்கு தனிக் கதை. அங்கே சான்றின் அளவுகோலே வேறு. அவரிடம் பணமும் பெயரும் இருந்தன. தோட்டத்திலிருந்து நகரத்துக்கு வந்த குடும்பத்திடம் என்ன இருக்கிறது?

நம் சமுதாயத்தை அதிகம் உறுத்துவது சொஸ்மா. குற்றக் கும்பலில் உறுப்பினர் என்று பிரிவு 130V-இன் கீழ் குற்றஞ்சாட்டினால், கைதானவர் எதையும் தொட்டிருக்க வேண்டியதில்லை, உறுப்பியமே குற்றம். தண்டனை 5 முதல் 20 ஆண்டுகள். ஆயுள் சிறைகூட இல்லை. ஆனாலும் சொஸ்மாவின் பிரிவு 13 ஜாமீனை அடைத்துவிடுகிறது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர், பெண், நோயாளி என்ற குறுகிய விலக்கு மட்டுமே உண்டு. பயங்கரவாதக் குற்றச்சாட்டு என்றால் அதுவும் கிடையாது.

2019-இல் விடுதலைப் புலிகள் தொடர்பில் 12 பேர் கைதானது நினைவிருக்கும். அவர்களில் சட்டமன்ற உறுப்பினர்கள் இருவர். அந்த ஆண்டு நவம்பர் 29-இல் நீதிபதி முகமட் நஸ்லான், பிரிவு 13 அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். ஜாமீன் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் அதிகாரத்தை நீதிமன்றத்திடமிருந்து நாடாளுமன்றம் பறிக்க முடியாது என்பது அதன் சாரம். தீர்ப்பு வந்தும் சிறைக் கதவு உடனே திறக்கவில்லை. 2020 பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவர் குற்றச்சாட்டுகளைக் கைவிட்ட பிறகே அந்த வழக்கு முடிந்தது.

கும்பல் வன்முறையால் பாதிக்கப்பட்டவர்களும் நம்மவர்களே. சாட்சியை மிரட்டக்கூடியவரை வெளியே விடாதீர்கள் என்று அவர்கள் கேட்பதும் நியாயம். அதற்குத்தான் நீதிபதி இருக்கிறார். தப்பி ஓடுவாரா, சாட்சியைத் தொடுவாரா, மீண்டும் குற்றம் செய்வாரா என்று எடைபோட்டு, கடப்பிதழை ஒப்படைக்கவும் மாதம் ஒருமுறை காவல் நிலையத்தில் கையெழுத்திடவும் உத்தரவிட அவரால் முடியும். அந்த எடைபோடும் வேலையையே சொஸ்மா அவரிடமிருந்து எடுத்துவிடுகிறது. எனக்கு இதில்தான் உடன்பாடு இல்லை.

மகனோ தம்பியோ கைதானால், குற்றச்சாட்டின் நகலை வாங்கி எந்தப் பிரிவு என்று முதலில் பாருங்கள். பிற்பாடு அரசுத் தரப்பு பிரிவைக் குறைத்தால் மீண்டும் மனு செய்யலாம். ஜாமீன் தொகை அளவுக்கு மீறியதாக இருக்கக்கூடாது என்று பிரிவு 389 சொல்கிறது. குறைக்கும்படி உயர்நீதிமன்றத்தைக் கேட்கலாம். வழக்கறிஞருக்கு வசதியில்லாதவர்கள் தேசிய சட்ட உதவி அறவாரியத்தை நாடலாம். பிணையாளராகக் கையெழுத்திடுபவர் ஒன்றை மறக்க வேண்டாம்: பையன் தவணைக்கு வராவிட்டால் போவது உங்கள் பணம்.