குதிரை யாருடையது?

மோட்டார் பந்தயம் பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று நம்மில் பலர் ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகிறோம். அந்தச் சொல்லில் உண்மை இல்லாமல் இல்லை. முக்கால் பங்கு உண்மைதான். ஆனால் முக்காலை முழுமை என்று எண்ணிக் கதவைச் சாத்திக்கொள்வது மாணவர்களாகிய நமக்கு அழகன்று. எஞ்சிய கால் பங்கைப் பற்றிப் பேசுவதே என் நோக்கம்.

முக்கால் பங்கை முதலில் சொல்லிவிடுகிறேன். கைப்பந்துக்கு ஒரு பந்தும் வலையும் போதும். கபடிக்கு அவையும் வேண்டாம். கார் பந்தயத்துக்கோ தலைக்கவசம், தீப்பிடிக்காத உடை, ஓட்டுநர் உரிமம், நுழைவுக் கட்டணம், சில நாட்களிலேயே தேய்ந்துபோகும் டயர்கள், மெக்கானிக் கூலி, வண்டியை ஏற்றிச் செல்லும் வாடகை என்று பட்டியல் நீள்கிறது. இத்தனையும் கொடுத்த பிறகு ஒரு வளைவில் வண்டி முட்டி நின்றால் அந்தச் செலவு வேறு! ஃபார்முலா 1-க்குக் கீழே ஐரோப்பாவில் நடக்கும் பந்தயங்களில் ஓராண்டு ஓட்டுவதற்குக் கோடிக்கணக்கில் ரூபாய் வேண்டும். எங்கள் அனந்தபுரத்தில் ஓர் ஏக்கர் மல்லாட்டை விற்ற காசு அங்கே சில செட் டயர்களுக்குக் காணாது.

இந்த இடத்தில் வழக்கமாகச் சில வெளிநாட்டு வீரர்களின் கதையைச் சொல்லி நம்மை உருக வைப்பார்கள். பிரான்சு நாட்டு எஸ்தபான் ஓக்கானின் பெற்றோர் மகனுக்காக வீட்டை விற்றுவிட்டுக் கேரவன் வண்டியிலேயே குடித்தனம் நடத்தினார்கள். அந்த மகன் 2021-ல் ஹங்கேரிப் பந்தயத்தில் வென்றார். லூயிஸ் ஹாமில்டனின் தந்தை ஒரே சமயத்தில் பல வேலைகள் பார்த்து மகனைச் சிறிய கார்ட் வண்டி ஓட்ட வைத்தார். 1998-ல் மெக்லாரன் நிறுவனம் அந்தச் சிறுவனைத் தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்டது. பத்தாண்டு கழித்து அவர் உலகச் சாம்பியன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், வீட்டை விற்று வென்றவரின் பெயர் நமக்குத் தெரிகிறது. வீட்டை விற்றும் தோற்றவர்களின் பெயர்களை யார் எழுதி வைத்தார்கள்? நிலத்தை அடகு வைத்துப் பந்தயம் ஓட்டு என்று என் தம்பிக்கு நான் சொல்லமாட்டேன். வேறு யாருக்கும் சொல்லமாட்டேன்.

வெளிநாட்டுக் கதை கிடக்கட்டும். இந்தியாவில் இந்த விளையாட்டின் தாய்வீடே நம் தமிழ்நாடு என்பதை எத்தனை பேர் அறிவோம்? இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இருந்தது. 1953-ல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்களை நடத்திற்று. பின்னர் 1990-ல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே சுமார் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள தடம் திறக்கப்பட்டது. சோழவரத்தில் விஜய் மல்லையா வெளிநாட்டு ஃபார்முலா 1 காரையே கொண்டுவந்து ஓட்டினார். அதே காலத்தில் கோவைக்காரர் ஒருவர் வேறு விதமாகச் சிந்தித்தார். அவர்தான் எஸ். கரிவரதன்.

லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த கரிவரதன் ஏழை அல்லர். ஆயினும் பந்தயம் பரவ வேண்டுமானால் கார் மலிவாக இருக்க வேண்டும் என்பதை அவர் கண்டுகொண்டார். தெருவில் ஓடும் மாருதி காரின் எஞ்சினை எடுத்து, ஒருவர் மட்டும் அமரும் பந்தயக் காரை இங்கேயே உருவாக்கினார். ‘ஃபார்முலா மாருதி’ என்ற அந்த வகையில் எல்லாருடைய வண்டியும் ஒன்றுபோலவே இருக்கும்; பணம் அதிகம் உள்ளவன் அதிக வேகமான எஞ்சினை வாங்கி முந்திவிட முடியாது. உதிரிப் பாகம் உள்ளூர்க் கடையில் கிடைக்கும். நம் நாட்டின் முதல் ஃபார்முலா 1 ஓட்டுநராக 2005-ல் ஜோர்டான் அணியில் இடம்பெற்ற நரேன் கார்த்திகேயன், தொடக்கக் காலத்தில் ஓட்டியது இந்த வண்டியைத்தான். 1995-ல் விமான விபத்தில் கரிவரதன் இறந்தார். கோவையில் உள்ள பந்தயத் தடம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நரேனின் வெற்றியைக் கொண்டாடும் நாம், அதற்குப் படி அமைத்தவரைப் பாடப்புத்தகத்தின் ஓரத்தில்கூடச் சொல்வதில்லை.

படி அமைந்தது உண்மை. ஆனால் மேற்படிகள் உயரமானவை. நரேனின் தந்தையே தென்னிந்திய ராலிப் பந்தயத்தில் பலமுறை வென்றவர். நடிகர் அஜித் குமார் 2003-ல் ஃபார்முலா பி.எம்.டபிள்யூ ஆசியப் பந்தயத்திலும், 2010-ல் ஃபார்முலா 2-விலும் ஓட்டினார். 2025 ஜனவரியில் துபாயில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது. மகிழ்ச்சி! ஆனால், முதலில் சினிமாவில் கதாநாயகனாகு, பிறகு கார் ஓட்டு என்று ஒரு பி.ஏ. மாணவனுக்கு வழி சொல்ல முடியுமா?

நம் செஞ்சிக் கோட்டையின் கதை எனக்கு இங்கே நினைவுக்கு வருகிறது. டெல்லி பாதுஷாவின் லாயத்தில் யாருக்கும் அடங்காத குதிரை ஒன்று இருந்ததென்றும், அதை அடக்கியவன் தேசிங்கு என்றும் நம் ஊர்க் கதைப்பாடல் சொல்கிறது. 1714-ல் ஆர்க்காட்டு நவாபை எதிர்த்து மாண்ட அந்த இளைஞனின் வீரத்தைப் பேசுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்தக் குதிரையை அவன் காசு கொடுத்து வாங்கவில்லை. குதிரை பாதுஷாவுடையது, திறமைதான் தேசிங்குடையது. பணமில்லாத இளைஞன் பந்தயத்துக்குள் நுழைய எனக்குத் தெரிந்த நேர்வழி இதுவே: குதிரையை வேறொருவர் கொடுக்கும் இடத்தைத் தேடிப் போவது.

அப்படிப்பட்ட இடங்கள் இருக்கின்றன. அவை பெரும்பாலும் நான்கு சக்கரத்தில் இல்லை, இரண்டு சக்கரத்தில் இருக்கின்றன. ஓசூர் டி.வி.எஸ். நிறுவனம் நடத்தும் ஒரே வகை மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் வண்டி நிறுவனத்தினுடையது. வருகிறவர்களைத் தடத்தில் ஓட்டிப் பார்க்கச் சொல்லி, கடிகாரம் காட்டும் நேரத்தை வைத்து ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பெண்களுக்கும் தனிப் பிரிவு உண்டு. ஹோண்டா நிறுவனம் பதின்வயதினரைத் தேடித் தேர்வு நடத்துகிறது. கட்டணமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் சொந்த வண்டி வைத்து ஓட்டும் செலவோடு ஒப்பிட்டால் அது மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். சென்னை இளைஞர் சரத் குமார் 2011-ல் உலக மோட்டார் சைக்கிள் சாம்பியன் போட்டியின் 125 சி.சி. பிரிவில் ஓட்டி, அங்கே இடம்பெற்ற முதல் இந்தியர் ஆனார். அவர் வளர்ந்ததும் இரண்டு சக்கர வழியில்தான்.

காரே வேண்டும் என்கிறவர்களுக்கும் தேர்வு வழி அறவே இல்லாமல் போகவில்லை. 2011-ல் ஃபோர்ஸ் இந்தியா அணி நாடெங்கும் தேடி மூன்று சிறுவர்களைத் தேர்ந்தெடுத்தது. அவர்களில் ஒருவரான ஜெஹான் தாருவாலா பிற்காலத்தில் ஃபார்முலா 2 வரை சென்று பந்தயங்களை வென்றார். அதே 2011-ல் பிரிட்டனில் யான் மார்டன்பரோ என்னும் இளைஞர் கணினி விளையாட்டில் கார் ஓட்டிக் காட்டித் தேர்வாகி, 2013-ல் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் உண்மைக் காரையே ஓட்டினார். இவை அத்தி பூத்தாற்போல் நிகழ்பவை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

“உயிருக்கு ஆபத்தான விளையாட்டை மாணவர்களுக்குப் பரிந்துரைக்கலாமா?” என்று நம் பேராசிரியர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. 2023-ஆம் ஆண்டில் மட்டும் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் இரண்டு உயிர்கள் போயின; ஒருவர் பதின்மூன்று வயதுச் சிறுவர். அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. ஆனால் பந்தயம் ஏற்கெனவே நம் ஊரில் நடந்துகொண்டுதான் இருக்கிறது! திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலைச் சாலையில் மாலை வேளையில் நின்று பாருங்கள். சைலன்ஸரைக் கழற்றிய வண்டிகள், தலைக்கவசம் இல்லாத தலைகள், எதிரே கரும்பு ஏற்றிய டிராக்டர். தடத்தில் ஆம்புலன்ஸ் உண்டு, கொடி காட்டுவோர் உண்டு, எதிர்த்திசையில் வண்டி வராது. இந்தப் பையன்களில் எவனுக்கு உண்மையான திறமை இருக்கிறதென்று கடிகாரம் வைத்து ஒருமுறை அளந்து காட்டினால், பாதிப் பேருக்கு அன்றைக்கே பித்தம் தெளிந்துவிடும். மீதிப் பேருக்கு ஒரு வழி பிறக்கும்.

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய நாட்களில் தமிழ்நாடு அரசின் துணையோடு சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி, 3.5 கிலோமீட்டர் தெருத் தடத்தில், இரவு விளக்கொளியில் கார் பந்தயம் நடந்தது. வேண்டாம் என்றவர்களும் உண்டு, வேண்டும் என்றவர்களும் உண்டு. நான் வேண்டும் என்கிற கட்சி, ஒரு நிபந்தனையோடு. பொதுப்பணம் செலவாகும் பந்தயத்தில் ஓரிரு இருக்கைகள் பொதுத் தேர்வில் வென்ற பிள்ளைகளுக்கு என ஒதுக்கப்பட வேண்டும். மாவட்டம்தோறும் வாடகைக் கார்ட் வண்டிகளை வைத்து இரண்டு நாள் தேர்வு நடத்துவது அரசுக்கு இயலாத காரியமன்று. திறமையிருந்தும் வசதியற்ற வீரர்களுக்கு உதவ 2023-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை, தேர்வானவர்களின் உடைக்கும் உரிமத்துக்கும் பயணத்துக்கும் கைகொடுக்கலாம்.

அரசு செய்யும்வரை நாம் செய்யக்கூடிய சிறு காரியம் ஒன்று உண்டு. நம் கல்லூரி உடற்கல்வித் துறையின் அறிவிப்புப் பலகையில் கபடி, கைப்பந்துத் தேர்வு அறிவிப்புகளின் பக்கத்திலேயே டி.வி.எஸ்., ஹோண்டா நிறுவனங்களின் தேர்வு நாட்களையும் எழுதிப் போட வேண்டும். செஞ்சியிலிருந்து வந்தவாசி, காஞ்சிபுரம் வழியாகப் பேருந்து மாறி மாறிப் போனால் இருங்காட்டுக்கோட்டைக்கு ஒரு பகல் பயணம். பேருந்துக் கட்டணத்தைக் கல்லூரி விளையாட்டு நிதியிலிருந்து கொடுக்க முதல்வர் அவர்கள் இசைந்தால், அடுத்த தேர்வுக்குப் பெயர் கொடுக்க எங்கள் அனந்தபுரத்திலேயே மூன்று பேர் இருக்கிறார்கள்.