ஆறாம் மாதம் யாருடைய பொறுப்பு?

அரக்கோணத்திலிருந்து சென்னைக்குப் புறப்படும் காலை மின்சார ரயிலின் மகளிர் பெட்டியில் நான்கு பெண்கள் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். நால்வருக்கும் ஒரே வாரத்தில் குழந்தை பிறந்ததாகவும் வைத்துக்கொள்வோம். முதலாமவர் திருவள்ளூரில் இறங்கும் அரசுப் பள்ளி ஆசிரியை. 2021 ஜூலை முதல் தமிழக அரசு ஊழியருக்குப் பேறுகால விடுப்பு 12 மாதம். இரண்டாமவர் ரயில்வே ஊழியர். அவருக்கு 180 நாள். அது முடிந்தாலும் பணிக்காலம் முழுவதற்குமாக 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு கையிருப்பில் இருக்கிறது. மூன்றாமவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்குப் போகிறவர். அவருக்கு 26 வாரம். நான்காமவர் பெரம்பூரில் எட்டுப் பேர் வேலை செய்யும் தையல் கடைக்குப் போகிறவர். பத்துப் பேருக்குக் குறைவான கடை என்பதால் பேறுகாலச் சட்டம் அவரைத் தொடுவதே இல்லை. முதலாளியம்மா மனசு வைத்தால் மூன்று மாதம், அதுவும் சம்பளம் இல்லாமல்.

ஒரே பெட்டியில் நான்கு நியாயம். ஆனால் அந்த நான்கு குழந்தைகளுக்கும் தாய்ப்பால் மட்டும் போதாமல் போகிற காலம் ஒன்றேதான். ஆறு மாதம் முடியும்வரை தண்ணீர்கூட வேண்டாம், தாய்ப்பால் மட்டும் போதும். அதன்பின் இணை உணவு, கூடவே இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அரக்கோணம் அரசு மருத்துவமனையில் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

26 வாரம் என்பது 182 நாள். கணக்கு கச்சிதமாகப் பொருந்துவதுபோல் தெரியும். ஆனால் மருத்துவர் குழந்தை பிறந்த நாளிலிருந்து எண்ணுகிறார். சட்டம் விடுப்பு தொடங்கிய நாளிலிருந்து எண்ணுகிறது. பிரசவத்துக்கு முன்பே எட்டு வாரம் வரை விடுப்பு எடுக்கலாம். நிறைமாத வயிற்றோடு புளியமங்கலம், மோசூர், திருவாலங்காடு என்று நெரிசலில் நின்றுகொண்டே போக முடியாமல் ஆறு வாரம் முன்னதாக நின்றுவிட்ட பெண்ணுக்குப் பிறகு மிஞ்சுவது 20 வாரம். குழந்தைக்கு நாலரை மாதம்தான் ஆகியிருக்கும். வலி எடுக்கிற நாள்வரை வேலைக்குப் போனவருக்கோ, மறுபடி ரயிலேறும் வாரமும் குழந்தைக்கு முதல் வாய் ஊட்டும் வாரமும் ஒன்றாகவே வந்து நிற்கும். பழகிய முகம் பகலெல்லாம் காணாமல் போகிற அதே நாள்களில்தான் பழகாத ருசி ஒன்று நாக்கில் வைக்கப்படுகிறது. குழந்தை துப்புகிறது, அழுகிறது, இரவில் பாலுக்கு ஏங்குகிறது. குழந்தை மேல் என்ன தப்பு?

இதற்கு வீடுகள் கண்டுபிடித்திருக்கும் வழி நமக்குத் தெரிந்ததுதான். "நாலு மாசத்துலயே ஒரு வாய் குடுத்துப் பழக்கிடும்மா. அப்பதான் நீ வேலைக்குப் போறப்ப அது உன்னைத் தேடாது" என்பார் ஆயா. அவர் அன்போடுதான் சொல்கிறார். தன் காலத்தில் அப்படித்தான் மூன்று பிள்ளைகளை வளர்த்திருப்பார். ஆனாலும் ஒத்துக்கொள்வதற்கில்லை. நான்கு மாதக் குழந்தைக்குக் கழுத்தே அப்போதுதான் நிற்கிறது. முன்கூட்டிக் கொடுக்கும் தண்ணீரும் கூழும் புட்டிப் பாலும் வயிற்றுப்போக்குக்குக் கதவைத் திறந்துவிடும். பாலும் குறையும், ஏனென்றால் குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் சுரப்பு. தள்ளிப்போடுவதும் தப்பே. பிறக்கும்போது குழந்தை கொண்டுவந்த இரும்புச்சத்து ஆறு மாதத்துக்கு மேல் போதாது. குழைத்த பருப்புச் சோறு, கேழ்வரகுக் கூழ், மசித்த வாழைப்பழம், பிறகு முட்டை என்று கெட்டியாகக் கொடுக்க வேண்டிய நேரம் அது. கரண்டியைச் சாய்த்தால் ஒழுகிவிடாத பதம் வேண்டும். பருப்புத் தண்ணீரைத் தெளிவாக இறுத்து ஊட்டுவதில் வயிறு நிறையும், உடம்பு தேறாது. ஒரு வயதுவரை தேன் கூடாது. உப்பும் சர்க்கரையும் தேவையில்லை. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இணை உணவு தொடங்குவது பாலை மறக்கடிப்பதற்காக அல்ல. ஆறு மாதத்திலிருந்து ஒரு வயது வரை குழந்தைக்கு வேண்டிய சக்தியில் பாதி தாய்ப்பாலிலிருந்தே கிடைக்க முடியும். வேலைக்குக் கிளம்பும் வாரத்தில் வேப்பெண்ணெய் தடவிப் பாலை நிறுத்துகிறவர்கள் அந்தப் பாதியை இழக்கிறார்கள். காலையும் இரவும் கொடுத்தாலே போதும், தொடர முடியும்.

இவ்வளவு முக்கியமான மாதத்தில் தாயை யார் கூப்பிட்டுப் பேசுகிறார்கள்? அரசுத் தடுப்பூசி அட்டவணையை எடுத்துப் பாருங்கள். ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினான்காவது வாரம். அதற்கடுத்து ஒன்பதாவது மாதம். நடுவே ஐந்தரை மாதத்துக்கும் மேலான இடைவெளி. ஆறாம் மாதம் சரியாக அந்தப் பள்ளத்தில் விழுகிறது. அங்கன்வாடி சத்துமாவு தருகிறது, நன்றி. ஆனால் பகலில் அங்கே வைத்துப் பார்த்துக்கொள்ளக் குழந்தைக்கு இரண்டு வயதாவது ஆகியிருக்க வேண்டும். சட்டமோ குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை தருகிறது. குழந்தை அரக்கோணத்தில், அம்மா அம்பத்தூரில் என்றால் அந்த இடைவேளையில் யாருக்கு ஊட்டுவது?

பாலைப் பீய்ச்சி வைக்கலாம். அதற்குத் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை, கை கழுவத் தண்ணீர், ஒரு சிறு குளிர்பெட்டி வேண்டும். இவை இல்லாத இடத்தில் பெண்கள் கழிப்பறையில் நின்று பீய்ச்சிக் கொட்டிவிட்டு வருகிறார்கள். கொட்டாவிட்டால் பால் கட்டிக்கொண்டு நெறிகட்டிக் காய்ச்சல் வரும். 25 பாகை வெப்பத்தில் பீய்ச்சிய பால் சுமார் நான்கு மணி நேரம் தாங்கும். நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்கு அந்தக் கணக்கு உதவாது. ஐஸ் வைத்த பையில் வந்தால்தான் உண்டு. இதைச் சொல்லித்தர பிரசவ வார்டிலேயே பத்து நிமிடம் போதும்.

இப்போது வீட்டுக்கு வருவோம். அரக்கோணம் ரயில் ஊர். 1856இல் ராயபுரத்திலிருந்து ஆற்காடு நோக்கித் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடிய தடம் இது. மின்சார எஞ்சின் பணிமனை இங்கே இருக்கிறது, ஆண்களில் ரயில்வே ஊழியர் ஏராளம். மத்திய அரசுப் பணியில் இருக்கும் ஆண்களுக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. பிரசவத்தையொட்டியே எடுக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். குழந்தை பிறந்து ஆறு மாதத்துக்குள் எடுத்தால் போதும். பிறந்த வாரத்தில் பாட்டியும் அத்தையும் பெரியம்மாவும் வீடு நிறைய இருப்பார்கள். அப்பாவுக்குக் கூடத்தில் உட்கார இடம் கிடைக்காது. ஆறாம் மாதக் கடைசியில் மனைவி ரயிலேறும்போது அந்த வீட்டில் ஆள் இருக்காது. விடுப்பை அன்றைக்கென்று எடுத்து வைக்கும் அப்பாதான் கெட்டிக்காரர். குழந்தையை மடியில் உட்காரவைத்து, அது துப்பியதை மறுபடி வழித்து ஊட்டிப் பழகினால், அம்மா இல்லாத மதியங்களில் அது வேறொரு கையிலும் சாப்பிடும். திருத்தணியின் 365 படிகளையும் குழந்தையைத் தோளில் சுமந்து ஏறி மொட்டை போட்டு வரும் அப்பாக்களை நாம் பார்க்கிறோம். மாமாவுக்குக்கூட மடியில் உட்காரவைத்துக் காது குத்தும் உரிமையைத் தந்திருக்கிறது நம் வழக்கம். கிண்ணமும் கரண்டியும் மட்டும் ஏன் பெண்களிடமே நின்றுவிட்டன?

பாட்டியை மட்டும் நம்பியிருப்பதும் நியாயமல்ல. அறுபது வயதில் முழங்கால் வலியோடு தவழும் குழந்தையைப் பகலெல்லாம் துரத்துவது கடினமான வேலை. சம்பளம் இல்லை, விடுப்பும் இல்லை.

முதலாளிகள் தரப்பிலும் ஒரு வாதம் இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. 2017இல் விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தபோது, இ.எஸ்.ஐ. காப்பீட்டில் வராதவர்களுக்கு அந்தச் சம்பளம் முழுவதையும் நிறுவனமே தர வேண்டியதாயிற்று. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் கட்டாயமானது. சிறு நிறுவனங்கள் கல்யாண வயதுப் பெண்ணை வேலைக்கு எடுக்கவே யோசிக்கத் தொடங்கினால் சலுகையே சுமையாகத் திரும்பும். இதை 1928இலேயே யோசித்தவர் ஒருவர் உண்டு. பம்பாய் சட்டமன்றத்தில் பேறுகால மசோதாவை ஆதரித்துப் பேசிய அம்பேத்கர், தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் என்றும், அதனால் செலவில் பெரும்பகுதியை அரசு ஏற்பதே முறை என்றும் வாதிட்டார். இ.எஸ்.ஐ. ஓரளவு அந்த வழியில்தான் நடக்கிறது. நிறுவனம் 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம் என்று எல்லோரும் போட்டு வைத்த நிதியிலிருந்து 26 வாரச் சம்பளம் வருகிறது; எந்த முதலாளியும் தனியாக இழப்பதில்லை. காப்பகத்துக்கும் அதே வழி வேண்டும்.

அதற்கும் இடம் இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, நிறுவனங்கள் தனித்தனியாகக் காப்பகம் வைப்பதற்குப் பதிலாகப் பலர் சேர்ந்து பணம் போட்டுப் பொதுக் காப்பகம் நடத்தவும், அரசோ நகராட்சியோ தொண்டு நிறுவனமோ நடத்துவதைப் பயன்படுத்திக்கொள்ளவும் அனுமதிக்கிறது. நாட்டின் ஆலைப் பெண் தொழிலாளர்களில் ஐந்தில் இருவர் தமிழ்நாட்டில்தான் வேலை செய்கிறார்கள். இந்த விதியைச் செயலில் காட்ட நம்மைவிடத் தகுந்த மாநிலம் எது? அரக்கோணத்துக்கு இது இன்னும் பொருந்தும். காப்பகம் வேலையிடத்தில் இருந்தால் அம்மா நடுவில் வந்து பாலூட்டலாம், சரிதான். ஆனால் ஆறு மாதக் குழந்தையைத் தினமும் எழுபது கிலோமீட்டர் நெரிசலில் கொண்டுபோய்த் திரும்ப யாரும் துணிய மாட்டார்கள். ஊரிலேயே, ஸ்டேஷனை ஒட்டி ஒரு காப்பகம் இருந்தால் ரயிலேறுகிறவர்கள் விட்டுவிட்டுப் போகலாம். பஜார் ஜவுளிக்கடையிலும் நர்சிங் ஹோமிலும் இச்சிப்புத்தூர்ப் பக்கத்து ஆலைகளிலும் வேலை செய்கிற பெண்கள் மதியம் வந்து ஊட்டிவிட்டும் போகலாம். ஊரின் வணிகர் சங்கமும் ஆலைகளும் ஆளுக்கொரு பங்கு போட்டால், தலைக்கு விழும் செலவு பெரிதாக இருக்காது.

2015 ஆகஸ்டில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா தமிழகப் பேருந்து நிலையங்களில் 352 பாலூட்டும் அறைகளைத் திறந்துவைத்தார். நல்ல தொடக்கம். பிறகு பல ஊர்களில் அறை பூட்டிக் கிடப்பதாகவும் சாமான்கள் போட்டு வைக்கும் இடமாக மாறியதாகவும் செய்திகள் வந்தன. சாவி யாரிடம் என்று எழுதி ஒட்டாத அறைக்கு அதுதான் கதி. 2025 பிப்ரவரியில், பொது இடங்களில் பாலூட்டும் அறையும் காப்பகமும் அமைய மாநிலங்கள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே ரயில்வேயையும் நகராட்சியையும் கேட்கும்போது நாம் பிச்சை கேட்கவில்லை.

இத்தனை பேசியும் விடுபட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பள்ளிப்பட்டு, ஆர்.கே. பேட்டை, அம்மையார்குப்பம் பக்கம் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே குழந்தையை ஏணையில் போட்டுவிட்டுத் தார் சுற்றும் பெண்ணுக்கு எந்த விடுப்பும் இல்லை, வேலைக்குத் "திரும்புவது" என்ற பேச்சும் இல்லை. அவர் வேலையை விடவே இல்லையே. ஆந்திர எல்லை தாண்டி நகரிப் பக்கம் போனாலும் இதே தறி, இதே ஏணைதான். தமிழோ தெலுங்கோ, இவர்களுக்கு உதவக்கூடியது அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகம் ஒன்றே. மத்திய அரசின் பால்னா திட்டம் ஆறு மாதக் குழந்தையிலிருந்தே சேர்த்துக்கொள்ளும் காப்பகங்களுக்காக வந்ததுதான். தறி ஊர்களுக்கு அதைக் கேட்டு வாங்க வேண்டியது உள்ளாட்சிகளின் வேலை. இந்தப் பகுதியின் தேர்தல் வாக்குறுதிகளில் இது கண்ணில் படுவதில்லை.

அரக்கோணம் நகராட்சி ஒரு கூட்டத்தைக் கூட்டட்டும். மருத்துவமனையிலிருந்து ஒருவர், ஸ்டேஷன் நிர்வாகத்திலிருந்து ஒருவர், ஆலைகள், வணிகர் சங்கம், அங்கன்வாடிப் பணியாளர்கள் வரட்டும். மகளிர் பெட்டியில் தினமும் போய்வருகிற இரண்டு மூன்று பேராவது அந்த மேசையில் இருந்தே ஆக வேண்டும். கட்டடம் யாருடையது, கரண்ட் பில் யார் கட்டுவது, குழந்தையைப் பார்த்துக்கொள்கிற பெண்ணுக்குச் சம்பளம் எந்தக் கணக்கில் என்பதெல்லாம் பேசித் தீர்க்கக் கூடியவை. பதினான்காவது வாரத் தடுப்பூசிக்கு வரும்போதே ஆறாம் மாதத்துக்கு ஒரு தேதி குறித்துக் கொடுப்பதற்கு நிதியே தேவையில்லை. கிராம சுகாதார செவிலியர் பேனாவால் எழுதினால் போதும். முதலில் தீர்க்க வேண்டியது காப்பகத்தின் நேரம். அரசு அலுவலக வழக்கப்படி ஒன்பது மணிக்குத் திறப்பதென்றால் பேச்சை அங்கேயே விட்டுவிடலாம். அதற்குள் ரயிலேறும் பெண்கள் பெரம்பூர் தாண்டியிருப்பார்கள். விடியற்காலை ரயிலுக்கு அரைமணி முன்னதாகத் திறந்து, கடைசி அம்மா மாலையில் இறங்கி வரும்வரை மூடாமல் இருக்க வேண்டும். அதற்கு இரண்டு ஷிப்ட் ஆட்கள் வேண்டும், இரண்டு மடங்கு சம்பளமும் வேண்டும். பங்குத் தொகையைப் பேசும்போது இந்தக் கணக்கிலிருந்தே தொடங்குவது நல்லது.